நீல வண்டியும் வெள்ளித் திரையும்

1964ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள். அமெரிக்க நாட்டின் தெற்கே லூசியானா மாநிலம். அங்கே கிளிண்டன் என்றோர் சிற்றூர். அச்சிற்றூரில் ஒரு பொது நூலகம். 'பொது' என்ற சொல்லைச் சற்றே நினைவில் இருத்திக்கொண்டு மேலே படிக்குமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்நூலகத்தினுள் கருப்பினத்தைச் சார்ந்த ஐவர் நுழைந்தனர். ஐவரில் ஒருவர், ஹென்றி பிரவுன் என்பார், பணியாளரிடம் சென்று ஒரு புத்தகம் கேட்டார். என்ன புத்தகம்? வெடிகுண்டு செய்யும் வித்தையை விளக்கும் புத்தகமா? ஆட்சியைக் கவிழ்க்க வழி கூறும் ஏடா? இல்லை. ஆர்னா போன்டெம்ஸ் எனும் கருப்பின எழுத்தாளர், தாமே ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குத் தலைவராய் இருந்தவர், எழுதிய 'நீக்ரோவின் கதை' என்னும் வரலாற்று நூல். தன் இனத்தின் கதையைத் தான் படித்தறிய வேண்டும் என்று ஒருவர் கேட்டார், அவ்வளவே. நூல் இங்கில்லை, வரவழைத்துத் தருகிறோம், நீங்கள் போகலாம் என்று விடை வந்தது. பிரவுன் போகவில்லை, நாற்காலியில் அமர்ந்தார். மற்ற நால்வரும் அவரருகே நின்றனர். கூச்சலில்லை, குழப்பமில்லை. சில நிமிடங்களில் ஷெரீப் வந்து வெளியேறுமாறு பணித்தார். அவர்கள் அசையவில்லை, கைது செய்யப்பட்டனர். குற்றச்சாட்டு யாது தெரியுமோ? அமைதியைக் குலைத்தனராம்! வாய் திறவாது அமர்ந்திருந்தவரும், வாய் திறவாது நின்றிருந்தவர்களும் அமைதியைக் குலைத்தனராம்!

அந்த வட்டாரத்தில் நடமாடும் நூலக வண்டிகள் இரண்டு ஓடின. சிவப்பு வண்டி வெள்ளையருக்கு. நீல வண்டி கருப்பருக்கு. கருப்பரின் உறுப்பினர் அட்டையில் 'நீக்ரோ' என்று முத்திரை குத்தப்பட்டிருக்கும். பிரவுன் கேட்ட நூல் பின்னர் அஞ்சலில் அவருக்கு அனுப்பப்பட்டது. கூடவே ஒரு குறிப்பு: நூலைத் திருப்பித் தரும்போது அஞ்சலில் அனுப்புக, அன்றேல் நீல வண்டியில் சேர்ப்பிக்க. ஒரு மக்களின் வரலாற்றைக் கூறும் புத்தகம், அம்மக்களை ஒதுக்கிவைக்கவென்றே ஓடிய வண்டியில் பயணம் செய்ய வேண்டும்! வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1966இல் தண்டனை தள்ளுபடியாயிற்று; ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு நீதிபதிகள் மறு பக்கம். ஒரே ஒருவர் பக்கம் மாறியிருப்பின், நூலக நாற்காலியில் வாளாவிருத்தல் குற்றமே என்று நிலைத்திருக்கும்.

இந்நிகழ்ச்சியை நாம் ஏன் எடுத்த எடுப்பிலேயே கூறுகிறோம்? காரணம் உண்டு.

இன்று அமெரிக்க நாட்டுப் பொது நூலகங்கள் பலவற்றில், பிப்ரவரித் திங்கள் வந்துவிட்டால் கருப்பின வரலாற்று விழா. வாயிலருகே மேசையிட்டுப் புத்தகங்களை அடுக்குகின்றனர். சொற்பொழிவுக்கு ஆள் அழைக்கின்றனர். சிறுவருக்குக் கதை சொல்கின்றனர். மாலையில் விளக்கை அணைத்துத் திரைப்படம் காட்டுகின்றனர். நல்ல காரியம். கட்டணமில்லை, காவலாளியில்லை, களைத்து வரும் தொழிலாளியும் கல்லூரி மாணவரும் அருகருகே அமர்ந்து காண்கின்றனர். இதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் எந்தப் படத்தைக் காட்டுகின்றனர்? படத்துக்கு முன்னும் பின்னும் என்ன பேசுகின்றனர்? இவற்றினும் முதன்மையான வினா ஒன்றுண்டு: காட்டப்படுகிற அந்த வரலாற்றில் தானும் ஒரு பாத்திரம் என்பதை நூலகம் ஒப்புக்கொள்கிறதா? இம்மூன்றாம் வினாவை எழுப்புவோர் மிகக் குறைவு. எழுப்பாததனால் என்ன கேடு என்பதையே இக்கட்டுரையில் ஆய விரும்புகிறோம்.

விழாவின் மூலத்தைச் சிறிது பார்ப்போம். கார்ட்டர் வுட்சன், 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். நிலக்கரிச் சுரங்கத்திலே உடல் கருக உழைத்து, இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்தார். 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை முனைவர்! 1915இல் தம் இன மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆய ஒரு கழகம் கண்டார். மறு ஆண்டே ஆய்விதழ் தொடங்கினார். 1926இல் பிப்ரவரித் திங்களின் இரண்டாம் வாரத்தை நீக்ரோ வரலாற்று வாரம் என்று அறிவித்தார். அந்த வாரத்தில்தான் லிங்கனின் பிறந்த நாளும் பிரடெரிக் டக்ளசின் பிறந்த நாளும் வருகின்றன. டக்ளசின் பிறந்த நாள் என்று கூறினோமே, அதுவும் அவர் தாமே தேர்ந்துகொண்ட நாள். அடிமைக்குப் பிறந்த தேதியை எவன் எழுதி வைத்தான்? வாரம் 1976இல் திங்களாக விரிந்தது. குடியரசுத் தலைவர் போர்டு வாழ்த்துக் கூறினார். வுட்சனோ, ஆண்டு முழுவதும் பாடத்தில் இடம்பெற்றுவிட்டால் இத்தகைய வாரமே வேண்டியிராது என்று கருதியவர். மருந்தாகத் தந்ததை மக்கள் திருவிழாவாக்கிவிட்டனர். மருந்து தந்தவர்மீது குற்றமில்லை.

நூலகம் எவ்வாறு அமையலாம் என்பதற்குச் சான்று வேண்டுவோர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குச் செல்லட்டும். அங்கே 135ஆம் தெருவில் 1905இல் திறக்கப்பட்ட கிளை நூலகம். 1920இல் எர்னஸ்டின் ரோஸ் என்ற வெள்ளை மாது அதன் பொறுப்பேற்றார். சுற்றிலும் கருப்பின மக்கள் குடியேறிக்கொண்டிருந்த நேரம். இவர்கள் படிக்கும் இடத்தில் இவர்களே பணியாற்ற வேண்டாமா என்று எண்ணினார் போலும். கேத்தரின் லாட்டிமர் எனும் கருப்பின நங்கை அந்த ஆண்டே பணியில் அமர்ந்தார். 1925இல் கருப்பினத்தாரின் இலக்கியம், வரலாறு, ஓவியம் ஆகியவற்றுக்கெனத் தனிப் பிரிவே தோன்றிற்று.

அப்பிரிவுக்கு உயிரூட்டியவர் ஆர்ட்டூரோ ஷோம்பர்க். போர்ட்டோ ரிக்கோவில் 1874இல் பிறந்தவர். சிறுவனாய் இருந்தபோது, கருப்பருக்கு வரலாறே கிடையாது என்று ஆசிரியர் ஒருவர் கூறியதைக் கேட்டு நெஞ்சில் நெருப்பேந்தியவர் என்பர். நியூயார்க்குக்கு வந்து, வங்கியொன்றின் அஞ்சற் பிரிவில் பணியாற்றியபடியே, ஊதியத்தில் மிஞ்சியதையெல்லாம் புத்தகமாக்கினார். நூல்கள் ஐயாயிரம், கையெழுத்துப் படிகள் மூவாயிரம், ஓவியங்கள் இரண்டாயிரம் என்று வளர்ந்த அந்தக் குவியலை 1926இல் கார்னிகி நிறுவனம் பத்தாயிரம் டாலருக்கு வாங்கி நூலகத்திற்கு அளித்தது. வுட்சன் வாரம் கண்ட அதே ஆண்டு! வரலாறே இல்லை என்றாரே அந்த ஆசிரியர், அவருக்கு விடையாக ஷோம்பர்க் வாய் திறந்து ஏதும் கூற வேண்டியிருக்கவில்லை. அலமாரிகளைத் திறந்து காட்டினால் போதும்.

அக்கட்டடத்தின் நிலவறையில் 1940இல் அமெரிக்க நீக்ரோ நாடகக் குழு பிறந்தது. ரூபி டீ அக்குழுவில் வளர்ந்தவர். ஹாரி பெலபான்டே அக்குழுவின் வழியே வந்தவர். சிட்னி பாய்ட்டியரோ, நடிப்புக் கற்றுக்கொள்ளக் கட்டணம் இல்லாமையால் குழுவினருக்குத் துப்புரவுப் பணி செய்து பயின்றவர்; 1964இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிசைக் கருப்பினத்தாரில் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. கிளிண்டனில் ஐவர் கைதானதும் அதே ஆண்டு என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்க. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒருவர் கையில் பொற்சிலை, ஐவர் கையில் விலங்கு.

இனித் திரைப்படத்திற்கு வருவோம்.

திரைப்படம் கேளிக்கைதானே என்று தோள் குலுக்குவோர், 1915இல் வெளிவந்த 'ஒரு நாட்டின் பிறப்பு' எனும் படத்தின் கதையை அறிதல் வேண்டும். கிரிபித் என்பார் எடுத்தது. மூன்று மணி நேரப் படம். படப்பிடிப்பில் புதுமை, படத்தொகுப்பில் வன்மை, போர்க்களக் காட்சிகளிலே பெருமிதம். திறமை இல்லையென்று நாம் கூறோம். அத்திறமை எதற்குப் பயன்பட்டது? உள்நாட்டுப் போருக்குப்பின் வாக்குரிமை பெற்ற கருப்பர், சட்டமன்றத்தில் மேசைமேல் வெறுங்காலைத் தூக்கி வைத்து மது அருந்துவதாகக் காட்டினார். வெள்ளை நடிகர் முகத்திலே கரி பூசி, கருப்பர் என்றால் பெண்களை விரட்டும் விலங்குகள் என்று காட்டினார். முகமூடியணிந்து கொலைத் தொழில் புரிந்த கு கிளக்ஸ் கூட்டத்தாரைக் காப்பாற்ற வந்த வீரராக்கினார். வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் வில்சன் முன்னிலையில் படம் காட்டப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில், செத்துக் கிடந்த கு கிளக்ஸ் கூட்டம் மீண்டும் எழுந்தது. வெள்ளித் திரையின் வலிமைக்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுமோ?

உண்மை என்ன? போருக்குப் பிந்தைய அந்தச் சீரமைப்புக் காலத்தில் கருப்பினத்தார் பதினாறு பேர் நாட்டின் பேரவையில் அமர்ந்தனர். 1870இல் ஹைரம் ரெவல்ஸ் மிசிசிப்பியிலிருந்து மேலவைக்குச் சென்றார். தென் மாநிலங்களிலே அனைவர்க்கும் பொதுப்பள்ளி என்ற ஏற்பாடு அச்சட்டமன்றங்களில்தான் வேரூன்றியது. இவற்றையெல்லாம் டுபாய்ஸ் 1935இல் பெருநூலாக எழுதி, வரலாற்றாசிரியர் என்போர் எவ்வாறு பொய்யைப் பரப்பினர் என்பதற்கே ஓர் இயல் ஒதுக்கினார்.

இங்கேதான் நூலகத்தின் தனிச் சிறப்பு விளங்குகிறது. கொட்டகையில் படம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். திரை சொன்னதே முடிந்த முடிபு. நூலகத்திலோ, திரை சொன்னதை மறுக்கும் சான்று பத்தடி தூரத்தில் அலமாரியில் காத்திருக்கிறது. படத்தைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யத்தக்க மன்றம் நூலகம். அவ்வாறு செய்யாது, படம் காட்டி, இனிப்பு வழங்கி, நன்றி கூறி அனுப்பிவிட்டால், அது கொட்டகை வேலை, நூலகத்தின் வேலையன்று.

கிரிபித்தின் படத்திற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. ஊர்தோறும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. ஆயினும் திரைக்குத் திரையாலேயே விடை கூறியவர் ஒருவர்: ஆஸ்கர் மிஷோ. 1884இல் பிறந்தவர், தெற்கு டகோட்டாவில் நிலம் திருத்திப் பயிரிட்டவர், நாவல் எழுதி வீடு வீடாகச் சென்று விற்றவர், படமெடுக்கப் பெருமுதலாளி எவரும் பின்னின்றிலர். 1920இல் சிக்காகோவில் 'நம் வாயில்களுக்குள்ளே' எனும் படத்தை வெளியிட்டார். அந்நகரில் முந்திய ஆண்டுதான் இனக் கலவரம். 38 உயிர்கள் பலி. படத்தைக் காட்டினால் மீண்டும் தீ மூளும் என்று அஞ்சினோர் பலர், தணிக்கையாளர் தயங்கினர். கொலை செய்தவர்களைப் பார்த்து அஞ்சாத ஊர், கொலையைக் காட்டியவரைப் பார்த்து அஞ்சியது!

இப்படத்தை நாம் விரிவாகப் பேசப்போகிறோம். பேசத் தகுந்த படம்.

சில்வியா எனும் கருப்பின ஆசிரியை, தெற்கே ஏழைச் சிறுவர் பள்ளி மூடப்படாமலிருக்கப் பொருள் திரட்ட வடக்கே செல்கிறாள். தேவை ஐயாயிரம் டாலர். சாலையில் ஒரு குழந்தையைக் காக்கப் பாய்ந்து, சீமாட்டியொருத்தியின் காரில் அடிபடுகிறாள். சீமாட்டி இரக்கமுற்று உதவ எண்ணுகிறாள். அவ்வேளையில் தெற்கத்திய வெள்ளை மாது ஒருத்தி வந்து அறிவுரை கூறுகிறாள்: பள்ளிக்கூடம் எதற்கு? படித்தால் கெட்டுவிடுவர். அந்தப் பணத்தில் நூறு டாலரைப் பாதிரி ஓல்டு நெட்டுக்குக் கொடு. அவன் ஒருவன் போதும், அம்மக்களை அடக்கி வைக்க!

யார் அந்த ஓல்டு நெட்? பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் காண வேண்டிய காட்சி அது. மேடையிலே அவர் முழங்குகிறார். வெள்ளையருக்குச் செல்வமும் கல்வியும் இருக்கட்டும், அவர்கள் நரகுக்குப் போவர். நமக்கோ மோட்சம் காத்திருக்கிறது என்கிறார். ஏழைகள் மெய்ம்மறந்து காணிக்கை போடுகின்றனர். மறுநாள் வெள்ளைக் கனவான்களின் அறைக்குச் சென்று, வாக்குரிமை எமக்கு வேண்டாம் என்று பல்லிளிக்கிறார். அவர்கள் சிரித்தபடி உதைத்து அனுப்புகின்றனர். அவரும் சிரித்தபடியே வெளியேறுகிறார். கதவு மூடுகிறது. அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து வழிந்து இறங்குகிறது. தன் இனத்தை விற்று உண்டதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறார். ஊமைப் படம், அந்த முகத்திற்கு ஒலி தேவைப்படவில்லை. மூடிய கதவுக்கு இப்பால் நிற்கும் அம்மனிதரை மிஷோ வெறும் கயவராகவும் காட்டவில்லை. அறிந்தே செய்கிறவராகக் காட்டினார். அறியாமையைக் காட்டிலும் அது கொடிது.

அடுத்துச் சில்வியாவின் பழங்கதை விரிகிறது. அவளை வளர்த்த தந்தை ஜாஸ்பர் லாண்டிரி, நிலவுடைமையாளன் கிரிடில்ஸ்டோனிடம் குத்தகை உழவர். படித்த மகள் கணக்குப் பார்க்கிறாள். கடன் தீர்ந்தது, நமக்குத்தான் வரவேண்டும் என்று தெரிகிறது. கணக்குக் கேட்கச் செல்கிறார் லாண்டிரி. அந்நேரம் சன்னலுக்கு வெளியேயிருந்து, அதே முதலாளியிடம் ஏமாந்த ஏழை வெள்ளையன் ஒருவன் சுடுகிறான். கிரிடில்ஸ்டோன் சாய்கிறான். பழியோ லாண்டிரி மீது. செய்தித்தாள், குடிவெறி கொண்ட கருப்பன் நல்ல முதலாளியைக் கொன்றான் என்று எழுதுகிறது. மிஷோ என்ன செய்கிறார் பாருங்கள்: செய்தித்தாள் கூறும் பொய்யையும் ஒரு காட்சியாகவே எடுத்து நம் கண்முன் ஓட்டிக் காட்டுகிறார்! நடந்ததையும் கண்டோம், நடந்ததாக எழுதப்பட்டதையும் கண்டோம். கிரிபித்தின் மூன்று மணி நேரப் படம் எத்தகையது என்பதற்கு இதனினும் கூரிய திறனாய்வு இல்லை. பொய்யும் அழகாகவே படம் பிடிக்கப்படும் என்று பார்வையாளனுக்குப் பாடம் நடத்திவிட்டார்.

பின்னர் வெறிக் கூட்டம், கயிறு, தீ. உடன் மறுபுறம், சில்வியாவை ஒரு வெள்ளையன் கெடுக்கப் பாய்வதும், அவள் மார்பின் தழும்பைக் கண்டு தன் மகளே என்றறிந்து திடுக்கிடுவதும். கருப்பன் பெண்களைக் கெடுப்பவன் என்று கிரிபித் கூறினாரன்றோ? அடிமைக் காலத்திலிருந்து யார் யாரைக் கெடுத்தனர் என்பதை மிஷோ திருப்பிக் காட்டினார்.

குறைகளும் உள. தற்செயல்கள் மிகுதி, கார் மோதினால்தான் கதை நகர்கிறது. ஐயாயிரம் கேட்ட இடத்தில் ஐம்பதாயிரம் தந்துவிடும் வெள்ளைச் சீமாட்டி, நம் பக்கத்துப் புராணங்களில் இடர் வரும்போதெல்லாம் வானிலிருந்து இறங்கும் தெய்வத்தை நினைவூட்டுகிறாள். இறுதிக் காட்சியோ நம்மை ஏமாற்றுகிறது. வளர்த்த பெற்றோர் கயிற்றில் தொங்கியதைக் கேட்டறிந்த மருத்துவர், நம்மவர் நாட்டுக்காகப் போர்முனையில் ஆற்றிய வீரத்தை எண்ணிப் பெருமிதம் கொள் என்று சில்வியாவுக்கு அறிவுரை கூறித் திருமணம் பேசுகிறார். தணிக்கைக்கு அஞ்சிச் சேர்த்ததோ, மிஷோவின் நம்பிக்கையே அதுதானோ, எதுவாயினும் அவர் எழுப்பிய நெருப்புக்கு அது தகுந்த முடிவன்று.

இப்படத்திற்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். பல்லாண்டுகள் தொலைந்தே போயிற்று. பின்னர் ஸ்பெயின் நாட்டுத் திரைப்படக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற பெயரில் ஒரு படி கிடைத்தது. ஸ்பானிய மொழி வாசகங்களை மீண்டும் ஆங்கிலமாக்கி, 1993இல் அமெரிக்கப் பேரவை நூலகம் படத்தைச் செப்பனிட்டது. கிரிபித்தின் பொய் ஒருநாளும் தொலைந்ததில்லை. மிஷோவின் விடையை அயல்நாட்டு அலமாரியிலிருந்து தேடி எடுத்து, அயல்மொழியிலிருந்து மீட்க வேண்டியிருந்தது. மீட்டது ஒரு நூலகம் என்பதை மகிழ்வுடன் குறிப்பிடுகிறோம்.

பொது நூலகங்கள் படம் தேர்வதில் ஓர் இடர் உண்டு. அதையும் நேர்மையாகக் கூறிவிடுவோம். பலர் கூடும் இடத்தில் படம் காட்ட உரிமம் பெற வேண்டும். எந்தப் படத்திற்கு உரிமம் எளிதோ, அதுவே திரைக்கு வருகிறது. 'பரிசின்மேல் விழிகள்' எனும் ஆவணத் தொடர், குடியுரிமைப் போராட்டத்தின் முழு வரலாறு. ஹென்றி ஹாம்ப்டன் 1987இல் ஆறு பகுதிகளும் 1990இல் எட்டுப் பகுதிகளுமாக அளித்தது. அதில் சேர்த்த பழைய செய்திப் படங்களுக்கும் பாடல்களுக்கும் பெற்ற உரிமம் சில ஆண்டுகளில் காலாவதியாயிற்று. போராடியவர்களின் படமே போராடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அறநிலையங்கள் பொருளுதவி செய்து, 2006இல்தான் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தது. வரலாற்றை நடத்தியவர் மக்கள். அதன் படத்துக்கு வாடகை வாங்குபவர் வேறு சிலர்.

ஆயினும் இதனைச் சாக்காக்கிக்கொள்ள நாம் இடந்தரோம். மிஷோவின் படம் 1920இல் வந்தது, காப்புரிமைக் காலம் கடந்தது, எவரும் காட்டலாம். ஊமைப் படமாதலின் உள்ளூர் இசைவாணரை அழைத்து வாசிக்கச் செய்தால் அதுவே ஒரு விழா. அதனை விடுத்து, 2018இல் வந்து ஆஸ்கர் பரிசும் பெற்ற 'பசுமைப் புத்தகம்' போன்ற படங்களைத் தேர்வது ஏன்? கருப்பின இசைமேதைக்கு வெள்ளைக் காரோட்டி வாழ்க்கையைக் கற்றுத்தருகிறான். பார்ப்போர் கண்ணீர் சொரிந்து, காலம் மாறிவிட்டது என்று மனநிறைவுடன் வீடு திரும்புகின்றனர். மாறாக, ராவுல் பெக் 2016இல் எடுத்த 'நான் உங்கள் நீக்ரோ அல்லன்' படத்தைப் பாருங்கள். ஹார்லெம் 135ஆம் தெரு நூலகத்தில் சிறுவனாய் அமர்ந்து படித்த ஜேம்ஸ் பால்டுவின் முடிக்காமல் விட்ட எழுத்தே அதன் உயிர். ஹாலிவுட் படங்களின் துண்டுகளை எடுத்து வைத்து, இவை எம்மை எவ்வாறு பொய்யாய்ப் புனைந்தன என்று வினவுகிறது. பால்டுவினின் கையெழுத்துப் படிகளை 2017இல் வாங்கிச் சேர்த்ததும் அதே நூலகத்தின் வழிவந்த ஷோம்பர்க் ஆய்வு நிலையமே. படம் அரங்கில், அவர் எழுத்து காப்பறையில்! இப்படி அமைந்தால் படக்காட்சிக்கும் நூலகத்திற்கும் உள்ள உறவு விளங்கும்.

நாம் எழுப்பிய மூன்றாம் வினா எஞ்சி நிற்கிறது. தன் கதையை நூலகம் கூறுகிறதா?

வர்ஜீனியாவில் டான்வில் என்றொரு நகரம். உள்நாட்டுப் போரில் தோற்றோடிய அடிமையரசின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ், 1865 ஏப்ரலில் தம் ஆட்சியின் கடைசி நாட்களைக் கழித்த மாளிகை அங்குள்ளது. அம்மாளிகைதான் பின்னர் வெள்ளையர் நூலகம்! 1960இல் கருப்பின மாணவர் உள்ளே செல்ல முயன்றனர். நீதிமன்றம் திறந்துவிடுக என்றது. நகரத்தார் நூலகத்தையே பூட்டினர். பின்பு திறந்தபோது மேசையுமில்லை, நாற்காலியுமில்லை. இரு நிறத்தாரும் அருகருகே அமர்ந்துவிடலாகாதே! நின்றபடி நூலை எடு, நின்றபடி பெற்றுக்கொள், நடையைக் கட்டு. தன் இனத்துக் குழந்தையும் கால் கடுக்க நிற்கட்டும், அடுத்தவன் பிள்ளை அமராதிருந்தால் போதும் என்ற பேரறிவை என்னென்பது!

இத்தகைய கதை இல்லாத தென்னகத்து நகரங்கள் சிலவே. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 1961இல் டுகலூ கல்லூரி மாணவர் ஒன்பதின்மர் நூலகத்தில் அமர்ந்து படித்ததற்காகச் சிறை புகுந்தனர். அலபாமாவின் பேருந்துகளைப் படமெடுத்தாயிற்று. உணவகத்து இருக்கைகளைப் படமெடுத்தாயிற்று. பிப்ரவரித் திங்களில் நூலகத் திரையிலே அவையெல்லாம் ஓடுகின்றன. அந்தத் திரை தொங்குகிற சுவரின் கதை மட்டும் ஓடுவதில்லை. கொடுமை எங்கோ நடந்தது, யாரோ செய்தனர், நாம் காட்டுகிறோம் என்ற தோரணை, கொடுமையைக் காட்சிப்பொருளாக்கி நூலகத்தை நடுவர் இருக்கையில் அமர்த்திவிடுகிறது. வழக்கில் ஒரு தரப்பாய் நின்றவர் நடுவராக அமரலாமோ?

அலெக்சாண்ட்ரியா நகரம், அதே வர்ஜீனியாவில். 1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள் கருப்பின இளைஞர் ஐவர், நன்கு உடுத்து, ஒருவர்பின் ஒருவராக நூலகத்தினுள் சென்றனர். உறுப்பினர் அட்டை கேட்டனர்; மறுக்கப்பட்டது. ஆளுக்கொரு நூலை அலமாரியிலிருந்து எடுத்து, தனித்தனி மேசையில் அமர்ந்து படிக்கலாயினர். காவலர் வந்து அழைத்துச் சென்றனர். திட்டம் வகுத்தவர் சாமுவேல் டக்கர். 26 வயது வழக்கறிஞர். அந்நூலகத்தினின்று சில தெருக்களே தள்ளி வாழ்ந்தவர். நகராட்சி என்ன செய்தது? வழக்கை இழுத்தடித்துவிட்டு, 1940இல் கருப்பருக்கென்று சிறியதாய்த் தனி நூலகம் ஒன்றை அவசரமாகக் கட்டிற்று. ராபர்ட் ராபின்சன் நூலகம் என்று பெயர்.

அந்தக் கட்டடம் இன்று அலெக்சாண்ட்ரியாக் கருப்பின வரலாற்றுக் காட்சியகத்தின் பகுதி. ஒதுக்கிவைக்கக் கட்டிய சுவருக்குள்ளேயே ஒதுக்கிவைத்த கதையை நகரம் கூறுகிறது. நாம் கேட்பது இதைத்தான். 2019இல், எண்பது ஆண்டுகளுக்குப் பின், அந்த ஐவர்மீது இருந்த குற்றச்சாட்டும் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

தனி நூலகத்துக்கான உறுப்பினர் அட்டையைத் தர நகரம் முன்வந்தபோது டக்கர் அதை ஏற்கவில்லை. பழைய நூலகத்துக்கு உரிய அட்டைக்கு ஈடாக இதைக் கொள்ள மாட்டேன், என்றுமே கொள்ள மாட்டேன் என்ற கருத்துப்பட 1940 பிப்ரவரியில் நூலகத் தலைவிக்கு மடல் எழுதினார். வுட்சன் தேர்ந்த அதே திங்கள். சிறிய மடல், விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டுமுன் அவையோர்க்குப் படித்துக் காட்ட இரண்டு நிமிடமே பிடிக்கும்.